வின்ஸ்கோம்ப் பிரபுவின் கொள்ளுப்பேத்தி

கோவிந்தராஜன் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்குவதற்காக ஜெர்மனியின் எர்லாங்கனுக்கு வந்தபோது, அவர் பெட்டியில் வேட்டி சட்டையைவிடப் புத்தகங்களே அதிகம் இருந்தன. எல்லாம் ஒரே புத்தகத்தின் பிரதிகள். அவரே எழுதி, அவரே காசு கொடுத்து அச்சடித்தது. தலைப்பு 'விஞ்சன் ஏரி தந்த வள்ளல்.' அட்டையில் மார்பு நிறையப் பதக்கங்களோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றார். உண்மையில் அது வேறு ஏதோ ஒரு துரை. சரியான படம் கிடைக்காததால் அச்சகத்துக்காரர் எங்கேயோ தேடிப்பிடித்துப் போட்டது.

மருமகள் லக்ஷ்மிப்ரியாவுக்கு அந்த அட்டையைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். மாமனார் மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஜுரம் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் வெள்ளைக்காரப் பிரபு ஒருவரைக் குலதெய்வம்போல் பேசுவதைப் பிறர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை ஜெர்மன் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "இவர் யார்?" என்று அவள் அட்டையைக் காட்டிக் கேட்டாள். ப்ரியா, "யாரோ பழைய இன்ஜினியர்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினாள்.

கோவிந்தராஜனின் ஊர் திண்டுக்கல் பக்கம் வடகரைப்பட்டி. அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாது வருஷப் பஞ்சத்தில், கூலி வேலை கொடுப்பதற்காக அங்கே ஒரு ஏரி வெட்டினார்கள். வெட்டச் சொன்னவர் வின்ஸ்கோம்ப் பிரபு. ஊர் வாயில் அது விஞ்சன் துரை ஆயிற்று, ஏரி விஞ்சன் ஏரி ஆயிற்று. இன்றைக்கும் ஆடியில் மதகு திறக்கும்போது துரை பெயரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களைத் தடவித் தடவிப் படித்து, துரையின் வாழ்க்கையை எழுதினார். இப்போது ஏரிக்கரையில் துரைக்குச் சிலை வைக்க ஒரு கமிட்டியும் சேர்த்திருந்தார். அவர்தான் தலைவர்.

ஏரியைப் பற்றி அவர் பேசிப் போட்டிருந்த ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்து, அவர் எர்லாங்கனுக்கு வந்த பிறகு ஜெர்மனியிலிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஹெட்விக் ரேஃபெல்ட் என்ற எண்பத்தாறு வயது அம்மாள். வின்ஸ்கோம்ப் பிரபு தன் கொள்ளுத்தாத்தா என்றும், அந்த ஏரியின் மக்கள் யாரிடமாவது நேரில் ஒன்று சொல்ல வேண்டும், சாவதற்குள் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதை வாசித்து அர்த்தம் சொன்னதும் ப்ரியாதான். கோவிந்தராஜனுக்கு அன்றிரவு சாப்பாடே இறங்கவில்லை.

"நம்மளைத் தேடி வந்திருக்காங்க பாரும்மா. வம்சம்னா அதுதான் வம்சம்."

அந்த அம்மாள் இருந்த ஹாலே நகரத்துக்குப் போக ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். கணவன் ஜெயகாந்துக்கு அலுவலக வேலை. "நீயே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு ப்ரியா, உனக்குத்தான் ஜெர்மன் நல்லா வரும்" என்று நழுவிக்கொண்டான். அவன் பத்து வருஷமாக இங்கே ஆங்கிலத்திலேயே ஒப்பேற்றுகிறவன். ப்ரியாதான் விடாமல் படித்து, அலுவலகக் கூட்டங்களில் ஜெர்மன்காரர்களோடு சரிக்குச் சரி பேசுகிற அளவுக்கு வந்திருந்தாள்.

ரயிலில் அவர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் ஜரிகை போட்ட பொன்னாடை, சந்தன மாலை, ஒரு சின்னக் குத்துவிளக்கு. எதிரே இருந்தவர்கள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

"பிரபு மூணாவது பிள்ளை, தெரியுமா? அப்பா பெரிய ஜமீன். மூத்தவன் இருக்கும்போது இவருக்குப் பட்டம் வராது. இருபத்தாறு வயசுல பார்லிமெண்டுக்கு நின்னு ஜெயிச்சார். அப்புறம் அண்ணன் ரெண்டு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போய்ச் சேர்ந்தாங்க, பட்டம் இவர் தலையில வந்து உக்காந்துச்சு. மந்திரி பதவி கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. அதை விட்டுட்டு மெட்ராஸ் மாகாணத்துக்குப் பஞ்சம் பாக்க வர்றார்னா என்ன மனசு வேணும்?"

"மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. இது சத்தம் போடக் கூடாத கோச்."

"சரி சரி." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அதே குரலில் தொடர்ந்தார். "சம்சாரத்தை ஊட்டியிலயே புதைச்சுட்டுப் போனார். ரெண்டு பிள்ளைங்க, ஒரு பொண்ணு. பொண்ணைப் பத்தி எங்கயும் தகவல் இல்லை. அந்தப் பொண்ணு வழிதான் இந்த அம்மாவா இருக்கும். அடுத்த பதிப்புல ஒரு அத்தியாயமே போடலாம்."

அவர் புளியோதரை டப்பாவைத் திறந்தார். பெருங்காய வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. ப்ரியா கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான் இவரோடு வரவில்லை, பக்கத்து இருக்கையில் தற்செயலாக உட்கார்ந்திருக்கிறேன் என்று யாராவது நினைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் முகம் சுட்டது. டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டும் அந்தச் சூடு ஆறவில்லை.

கோவிந்தராஜன் ஒரு கோட்டையை எதிர்பார்த்திருந்தார். அம்மாள் இருந்ததோ, ஊருக்கு வெளியே நியூஸ்டாட்டில், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தீப்பெட்டி அடுக்கியதுபோல் கட்டிய குடியிருப்பில், ஆறாம் மாடியில். லிஃப்ட்டில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. கதவைத் திறந்த ஹெட்விக் அம்மாள் ஒல்லியாக, நிமிர்ந்து, வெள்ளை முடியை ஆண்பிள்ளைபோல் வெட்டியிருந்தார். வாழ்நாள் பூராவும் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். பள்ளியில் ருஷ்ய மொழிதான் படித்தார். ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. ஆங்கிலப் பிரபுவின் வம்சத்துக்கு ஆங்கிலம் வராது என்பதைக் கோவிந்தராஜனால் நம்பவே முடியவில்லை.

காபி வந்தது. அம்மாள் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பிரபுவின் மகள் அடெலைட். என் அப்பாவின் தாய். ஒன்பது வயதில் தகப்பனோடு உங்கள் ஊருக்கு வந்திருக்கிறாள். ஏரி வெட்டுவதைப் பார்க்க வண்டியில் கூட்டிப் போனாராம். மண் சுமக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியம். அதற்கு முன்பு கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குறைத்தது அவர். சிக்கனம் என்று லண்டனில் அவருக்கு அதற்காகவே பெயர். கரையில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. அடெலைட் கையில் ஒரு கேக் துண்டு வைத்திருந்தாள். அதை வெளியே நீட்டினாள். தகப்பன் அவள் கையைப் பிடித்து, துண்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்றார். பிறகு வீணாகக் கூடாதென்று அதை அவரே தின்றார்."

அம்மாள் நிறுத்தினார். மொழிபெயர்ப்பதற்காக ப்ரியாவைப் பார்த்தார்.

கோவிந்தராஜன் நாற்காலியின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தார். "என்ன சொல்றாங்க?" கண் மின்னிக்கொண்டிருந்தது. பொன்னாடைப் பை அவர் மடியில் தயாராக இருந்தது.

ப்ரியா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த மனுஷர் பத்து வருஷம் அகராதியோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. மகன் அவருடைய புத்தகத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை என்பதும். அதைவிட, இந்த அம்மாளுக்கு முன்னால் அவர் முகம் தொங்கிப்போவதை, விவரம் தெரியாத கிழவராக அவர் உட்கார்ந்திருப்பதை, தன்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

"அவங்க பாட்டி சின்ன வயசுல நம்ம ஊருக்கு வந்திருக்காங்களாம் மாமா. பிரபுவோட வண்டில. கரையில மயங்கிக் கிடந்த ஒரு பொம்பளைக்கு அந்தக் குழந்தை கேக் கொடுத்துச்சாம்."

"பாத்தியா." அவர் குரல் தழுதழுத்தது. "குழந்தைக்கே அந்த மனசு. சொல்லு, நாங்க வருஷா வருஷம் அவர் பேர் சொல்லித் தேங்காய் உடைக்கறோம்னு சொல்லு. எங்க ஊர் சோறு அவர் போட்ட சோறுன்னு சொல்லு."

ப்ரியா ஜெர்மனில், "அந்தக் காலத்தை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை என்கிறார். ஒவ்வொரு வருஷமும் நினைவுகூர்கிறார்களாம்" என்றாள்.

அம்மாள் தலையசைத்தார். மேலே சொன்னார். அடெலைட் இருபத்தொரு வயதில் தகப்பன் வீட்டை விட்டு வெளியேறி, இந்தப் பக்கம் சொற்ப நிலம் வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பிரபு அதன்பிறகு மகள் பெயரை உச்சரிக்கவில்லை. இறந்தபோது லண்டன் பத்திரிகையில் அவருக்கு இரண்டு மகன்கள் என்றுதான் வந்தது. ஒருவன் சூதாடி அழிந்தான், இன்னொருவன் ஆப்பிரிக்காவில் செத்தான். போர் முடிந்ததும் இங்கிருந்த நிலத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஹெட்விக்கை 'ஜமீன் குட்டி' என்று கேலி செய்வார்கள். பதினாலு வயதில் அப்பாவிடம் போய், நாம் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று கேட்டாள். அப்பா, "நிலத்துக்காக இல்லை" என்றார். அப்போதுதான் அந்தக் கேக் விஷயத்தைச் சொன்னார்.

"எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கேக் சாப்பிடுவதில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சாப்பிடுகிறேன். ஆனால் வெட்கமாக இருக்கிறது. அதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மன்னியுங்கள்."

கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏன்ம்மா அழறாங்க?"

"தாத்தாவை நினைச்சு மாமா. நீங்க இவ்வளவு தூரம் வந்தது."

அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. எழுந்து பொன்னாடையை உதறி அம்மாளின் தோளில் போர்த்தினார். மாலையையும் போட்டார். கை கூப்பினார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. அம்மாள் ஜரிகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ப்ரியாவிடம் திரும்பி, சன்னமாகக் கேட்டார்: "அப்படியென்றால் மன்னித்துவிட்டாரா?"

"ஆமாம்" என்றாள் ப்ரியா.

அந்த ஒரு வார்த்தையில்தான் மீளமுடியாமல் போயிற்று. பிறகு நடந்ததெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. சிலைத் திறப்பு விழாவுக்கு நாலு வார்த்தை பேசித் தரச் சொன்னார் கோவிந்தராஜன். கரையில் ஒன்று நிறுத்தப்போகிறார்கள், அதற்கு என்று ப்ரியா சொன்னாள். "நினைவுக் கல்லா?" என்றார் அம்மாள். ப்ரியா தலையசைத்தாள். அம்மாள் பொன்னாடையோடு ஜன்னலோரம் நின்று, கூலியும் கேக்கும் மன்னிப்புமாக முன்பு சொன்னதையே மறுபடி சொல்ல, கோவிந்தராஜன் கைபேசியில் பதிவு செய்துகொண்டார். திரும்பும் வழியில், ரயில் கிளம்புவதற்குள், கமிட்டியின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். 'வள்ளலின் வம்சம் வாழ்த்துகிறது' என்று மேலே எழுதினார். வடகரைப்பட்டியில் யாருக்கு ஜெர்மன் தெரியப்போகிறது என்று ப்ரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் தெரிந்திருந்தது. கமிட்டிப் பொருளாளரின் மகள் ஜசிந்தா நர்சிங் முடித்தவள். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக மதுரையில் ஒன்றரை வருஷமாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் கைபேசியில் வீடியோவைப் பார்த்தவள், பரீட்சைக்குப் பயிற்சியாகட்டுமே என்று உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் எழுதி, குழுவில் போட்டுவிட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கடைசியில், 'சார், தப்பு இருந்தா மன்னிக்கவும்' என்றும் போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ப்ரியா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கோவிந்தராஜன் சமையலறை மேஜையில் கைபேசியோடு இருந்தார். குழுவில் செய்தி மேல் செய்தியாக வந்துகொண்டிருந்தது. ஒரு குரல் செய்தியைத் தொட்டார். யாரோ ஒரு இளவட்டத்தின் குரல், பின்னால் சிரிப்புச் சத்தம். "சார், கொன்னவன் வீட்டுக்காரி மன்னிப்புக் கேக்குறா. செத்தவன் வீட்டுக்காரன் நீங்க சிலை வைக்கறீங்க. எங்களுக்கு ஒண்ணும் விளங்கல சார்."

அவர் அதை அணைத்தார். மேலே போய் ஜசிந்தா எழுதியதைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். தட்டில் தோசை ஆறியது.

"ப்ரியா. இந்தப் பொண்ணு எழுதினது சரியா?"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் வந்து பார்த்தாள். ஒரு இடத்தில் வினைச்சொல் மாறியிருந்தது. மற்றபடி எல்லாம் சரி.

"சரிதான் மாமா."

"அன்னைக்கு உனக்கு இது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவர் கைபேசியை ஓரமாக வைத்தார். தோசையைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருக்கலாம். அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

ஜெயகாந்த் சமாதானம் சொன்னான். "விடு ப்ரியா. நீ நல்லதுக்குத்தான பண்ணின. அப்பாக்கு அதெல்லாம் தாங்காது. சின்னப் பிள்ளை மாதிரி அவர்."

அவன் சொன்னதைக் கேட்டபோதுதான் அவளுக்குத் தான் செய்தது என்னவென்று தெரிந்தது. சின்னப் பிள்ளை. அவளும் அப்படித்தான் அவரை எடை போட்டிருந்தாள், அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவரிடமிருந்து பிடுங்கித் தானே விழுங்கிவிட்டு, வேறொன்றை அவர் கையில் திணித்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவி எண்பத்தாறு வயதில் தைரியமாகச் சொன்னதை, இரண்டு மொழி தெரிந்த தான் சொல்லாமல் விட்டாள். அன்று முழுக்க அவளால் கண்ணாடி பார்த்துத் தலை சீவ முடியவில்லை.

அடுத்த நாட்களில் கோவிந்தராஜன் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டார். அதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, இவன் என்ன சொல்றான்" என்று நச்சரிப்பார். இப்போது எதையும் கேட்பதில்லை. ரொட்டிக் கடைக்குத் தானே போய், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை விரலால் சுட்டிக்காட்டி வாங்கி வந்தார். ஒருநாள் எள்ளுப் போட்ட ரொட்டி என்று நினைத்து வேறெதையோ வாங்கிவந்து, அதையே பேசாமல் தின்றார். வாட்ஸப் குழுவில் எதற்கும் பதில் போடவில்லை. அவரை நேற்றுவரை 'ஐயா' என்றவர்கள் இன்று 'துரையோட பி.ஏ.' என்று எழுதியதை ப்ரியா பார்த்தாள்.

மறு வாரம் வியாழக்கிழமை அவரே வந்தார்.

"அந்த அம்மாவை இன்னொரு தடவை பாக்கணும். போன் பண்ணிக் கேளு, வரலாமான்னு. நீ வந்தா போதும்." கதவருகே போய்த் திரும்பினார். "மாத்தாம சொன்னா போதும்."

அவள் போன் செய்தாள். ஹெட்விக் அம்மாளின் குரலில் அப்படியொரு சந்தோஷம். தாராளமாக வரட்டும், பிளம்ஸ் பழுத்திருக்கிறது, ஏதாவது சுட்டு வைக்கிறேன் என்றார். ப்ரியா அப்போதும் உண்மையைச் சொல்லாமலேயே போனை வைத்தாள்.

இந்த முறை ரயிலில் அவர் பேசவில்லை. சாதாரணச் சட்டை, பேண்ட். துணிப்பை இல்லை. அவர் சத்தமாகப் பேசினால் தேவலை என்று ப்ரியாவுக்கு இருந்தது.

ஆறாம் மாடியில் மேஜை போட்டு, பூ வைத்து, நடுவில் பிளம்ஸ் கேக். பொன்னாடை நாற்காலி முதுகில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அம்மாள் கோவிந்தராஜனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல்ல, போன தடவை நான் என்ன சொன்னேன்னு சொல்லு. அவரை வள்ளல்னு சொன்னேன். எங்க சோறு அவர் போட்டதுன்னு சொன்னேன். கரையில வைக்கறது கல்லு இல்லை, அவரோட சிலைன்னு சொல்லு."

ப்ரியா சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அம்மாள் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. காது சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிறகு மெல்ல மெல்ல நிறம் வடிந்தது. கேக் வெட்டும் கத்தியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார்.

"அன்றைக்கு இவருக்கு அது தெரியாதா? நான் சொன்னது எதுவும்?"

"தெரியாது. நான் சொல்லவில்லை."

"அப்படியானால் இது?" அம்மாள் பொன்னாடையைக் காட்டினார்.

அம்மாள் காட்டிய கையைப் பார்த்தே கோவிந்தராஜன் புரிந்துகொண்டார். "அது உங்க தாத்தாவுக்கான மரியாதை. நான் விவரம் தெரியாம போட்டது. அது மன்னிப்பு இல்லை. மன்னிக்கறதுன்னா செத்தவங்க மன்னிக்கணும், எனக்கு அதுக்கு உரிமை கிடையாது. உங்களை நான் ஏமாத்தின மாதிரி ஆயிருச்சு, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ப்ரியா அதையும் சொன்னாள்.

கீழே டிராம் போகிற ஓசை வந்தது. பிறகு ஹெட்விக் அம்மாள் ப்ரியாவைப் பார்த்தார். கோபம் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் எதையோ உற்றுப் பார்ப்பதுபோன்ற பார்வை.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

"எனக்கு வெட்கமாக இருந்தது."

"யாரை நினைத்து?"

ப்ரியா தன் முன்னால் இருந்த கோப்பையைத் திருப்பி வைத்தாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் கோவிந்தராஜன்.

"நான் ஏன் மாத்திச் சொன்னேன்னு. எனக்கு வெட்கமா இருந்துச்சுன்னு சொன்னேன். யாரை நினைச்சு வெட்கம்னு கேக்கறாங்க."

"பதில் சொல்லு."

அவள் அம்மாளைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "உங்களை நினைச்சு மாமா."

அவர் தலையாட்டினார். "தெரியும்மா. முதல் தடவை ரயில்லயே தெரிஞ்சுது. நான் டப்பாவைத் திறந்ததும் நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட." குரலில் குத்தல் இல்லை, அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது. "அதையும் அவங்களுக்குச் சொல்லு. எதையும் விடாத."

அதையும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே, ஜெர்மன் இலக்கணப்படி வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய்ச் சரியாக முடித்தாள். அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

கோவிந்தராஜன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். யாரிடம் என்று தெரியவில்லை.

"எங்க ஊர்ல ஒரு வழக்கம். ஏரிக்கரையில உக்காந்து யாரும் எதுவும் திங்க மாட்டாங்க. வயல் வேலைக்குப் போறவங்க தூக்குச்சட்டியோட கரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கித்தான் திறப்பாங்க. குழந்தை முறுக்குக் கடிச்சாக்கூட அதட்டுவாங்க. எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. புத்தகத்துல அதை எழுதவும் இல்லை, அது ஒரு விஷயம்னே தோணலை. லண்டன்ல அவர் எந்தத் தெருவுல குடியிருந்தார்னு எழுதியிருக்கேன்."

ப்ரியா மொழிபெயர்த்து முடித்தபோது, ஹெட்விக் அம்மாள் எழுந்து கேக்கை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார். காபியை மட்டும் குடித்தார்கள். கிளம்பும்போது அம்மாள் பொன்னாடையை மடித்து நீட்டினார். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வாங்கிக்கொண்டார். கதவருகே அம்மாள் கேட்டார்: "சிலை?"

"என் கையில இல்லைன்னு சொல்லு" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. கோவிந்தராஜன் தலைவர் பதவியை விட்டு விலகிக்கொண்டார். சிலை வேண்டாம், செத்தவர்களுக்கு ஒரு கல் வைப்போம் என்று எழுதினார். கேட்டவர்கள் சிலர்தான். சிலைக்கு ஏற்கெனவே முன்பணம் போயிருந்தது, திறந்துவைக்க எம்.எல்.ஏ. தேதி கொடுத்திருந்தார். வேறு தலைவரைப் போட்டு, அவர் எர்லாங்கனில் இருக்கும்போதே திறப்பு விழாவை நடத்திவிட்டார்கள். புத்தக அட்டையில் இருந்த அந்த வேறு துரையைப் பார்த்துத்தான் சிலை செய்திருந்தார்கள். வீடியோ வந்தபோது ஜெயகாந்த் சிரித்தான். கோவிந்தராஜன் சிரிக்கவில்லை. பெட்டியில் மீதமிருந்த பிரதிகளைக் காகிதக் குப்பைத் தொட்டியில் போடலாமா என்று மட்டும் மகனிடம் கேட்டார்.

ஆனால் ஒன்று புதிதாகத் தொடங்கியது. அவர் ஜசிந்தாவுக்குப் போன் போட்டு, வயதான பெண்கள் யாராவது கரையைப் பற்றிச் சொல்கிறார்களா என்று கேட்டு வரச் சொன்னார். அவளும் விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேட்டாள். கேட்டதை ஹெட்விக் அம்மாளுக்கும் சொல்ல வேண்டும் என்றார். மூன்று பேரும் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் கோவிந்தராஜன், அந்தப் பக்கம் அம்மாள், நடுவில் மதுரையிலிருந்து ஜசிந்தா தட்டுத்தடுமாறி. ப்ரியாவைக் கூப்பிடவில்லை. அவளும் அந்த அறைப் பக்கம் போவதில்லை. கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் அந்த வாசலைத் தாண்டத் தனக்கு என்ன முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம். ப்ரியா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து பேச்சு கேட்டது. பிணங்களைப் போட்ட இடம் பற்றி ஜசிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள். கரையின் உள்பக்கமா வெளிப்பக்கமா, எந்தச் சரிவில் என்று அம்மாள் கேட்டார். ஜசிந்தாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. அம்மாள் திரும்பச் சொன்னார். அப்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை. ப்ரியா குழாயை நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தைதான். நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ப்ரியா" என்று அவர் கூப்பிட்டார். "இங்க வாம்மா. இந்தம்மா ஏதோ கேக்கறாங்க, புள்ளைக்குப் புரியலை."

ஈரக் கையோடு போனாள். திரையில் ஹெட்விக் அம்மாள் அவளைப் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் மறுபடி கேட்டார்.

"கரையோட சரிவு மாமா. தண்ணிப் பக்கச் சரிவுலயா, வயல் பக்கச் சரிவுலயான்னு கேக்கறாங்க."

"வயல் பக்கம்" என்றாள் ஜசிந்தா. ப்ரியா அதைச் சொன்னாள். அம்மாள் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கோவிந்தராஜன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பக்கத்தில் கிடந்த துணிக்கூடையைக் காலால் நகர்த்தி இடம் விட்டார். அது தனக்காகத்தானா என்று ப்ரியாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உட்காராமல், சுவரோரம், கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றாள்.